ஸ்லேவ்வாயேஜஸ் இணையதளம்: ஒரு சமூக அறிவியல் ஆசிரியரின் ரிவ்யூ

ஸ்லேவ்வாயேஜஸ் டாட் ஆர்க் என்று ஓர் இணையதளம். ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்து, அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்கக் கண்டங்களுக்கு ஏற்றிப்போன கப்பல்களின் விவரம் இதில் பயணம் பயணமாக இருக்கிறது. இலவசம். பதிவு செய்யச் சொல்லாது, விளம்பரம் வராது, ஓடிபி கேட்காது. தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். வகுப்பிலும் வீட்டிலும் இந்தத் தளத்தை நிறையவே புரட்டியாகிவிட்டது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். என் பார்வையில் வரலாறு நடத்துகிறவர்களுக்குக் கிடைத்திருக்கிற மிக நல்ல கருவிகளில் இது ஒன்று. ஆனால் திறந்தவுடன் வரும் மொத்தக் கணக்கைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு மூடினால் ஒன்றும் மனதில் நிற்காது. ஒரே ஒரு கப்பலைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போக வேண்டும், அப்போதுதான் இது என்ன தளம் என்று தெரியும்.

பாடப் புத்தகங்களில் இந்த விஷயத்துக்குப் பொதுவாகக் கிடைக்கிற இடம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று முக்கோண வணிகத்துக்கு ஒரு வரைபடம், மூன்று அம்புக்குறி, அப்புறம் நேராக ஆபிரகாம் லிங்கன். நடுவில் மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் மனிதர்கள் பட்ட பாடு இரண்டு வரியில் போய்விடும். பிள்ளைகளும் ஐந்து மார்க்குக்குப் படித்துவிட்டு விட்டுவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இந்தத் தளம் திடீரென்று முளைத்ததில்லை. டேவிட் எல்டிஸ் முதலான ஆய்வாளர்கள் பல நாட்டு ஆவணக் காப்பகங்களில் கிடந்த துறைமுகப் பதிவேடு, சுங்கக் கணக்கு, இன்சூரன்ஸ் தாள், பழைய செய்தித்தாள் என்று தேடித் தேடிச் சேர்த்து 1999இல் ஒரு சிடியாக வெளியிட்டார்கள். அதில் 27,000க்கு மேற்பட்ட பயணங்கள் இருந்தன. 2008இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகம் வழியாக இணையத்துக்கு வந்தது, பிறகு ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. இன்றைக்கு 36,000க்கு மேற்பட்ட பயணங்கள் இருக்கின்றன. உண்மையில் நடந்த பயணங்களில் ஐந்தில் நான்கு பங்கு இதற்குள் வந்துவிட்டது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. மீதிக்குத் தாள் அகப்படவில்லை.

எஸ்டிமேட்ஸ், அதாவது மொத்தக் கணிப்பு, என்று ஒரு பக்கம் இருக்கிறது, எல்லோரும் முதலில் போவது அங்கேதான். 1501 முதல் 1866 வரை ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். மறு கரையில் உயிரோடு இறக்கப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம் பேர். மிச்சம் ஏறக்குறைய 18 லட்சம் பேர் வழியிலேயே செத்து, பெரும்பாலும் கடலில் போடப்பட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 18 லட்சத்து 80 ஆயிரம்தான். ஓசூரிலிருந்து ஊத்தங்கரை வரை ஊர் ஊராக நினைத்துப் பாருங்கள் என்று வகுப்பில் சொன்னேன், யாரும் பேசவில்லை.

அதே பக்கத்தில் நம் மனதில் இருக்கிற படம் ஒன்றும் மாறும். அடிமை என்றதும் அமெரிக்காவின் பருத்திக் காடுதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் வட அமெரிக்க நிலப்பகுதிக்கு நேராக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. பிரேசிலில் மட்டும் இறக்கப்பட்டவர்கள் 48 லட்சத்துக்கு மேல். கொடி வாரியாகப் பார்த்தால் போர்ச்சுகல், பிரேசில் கப்பல்கள் முதலிடம், சுமார் 58 லட்சம் பேரை ஏற்றின. அடுத்தது பிரிட்டன், 32 லட்சத்துக்கு மேல். ரியோ டி ஜெனிரோவில் வலாங்கோ என்ற படகுத்துறையில் மட்டும் 9 லட்சம் பேர் வந்திறங்கியிருப்பார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், 2017இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ சேர்த்தது.

இவ்வளவும் எண்தான். எண்ணை எத்தனை நேரம் பார்த்தாலும் அது எண்ணாகத்தான் இருக்கும், ஆகவே அடுத்து பயணங்கள் பகுதிக்குப் போய்விடுங்கள். ஒரு வரிக்கு ஒரு பயணம். கப்பல் பெயர், கேப்டன் பெயர், முதலாளிகள் பெயர், எந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது, ஆட்களை எங்கே வாங்கினார்கள், எங்கே விற்றார்கள், ஏறியவர் எத்தனை, இறங்கியவர் எத்தனை, எத்தனை நாள். கேப்டனுக்குப் பெயர் இருக்கிறது, முதலாளிக்கும் இருக்கிறது. கீழ்த்தளத்தில் கிடந்தவர்களுக்கு எண்ணிக்கை மட்டும். தளத்தைச் செய்தவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் கையில் கிடைத்த தாள் எல்லாம் வாங்கினவனும் விற்றவனும் எழுதி வைத்த தாள்.

உதாரணத்துக்கு, கப்பல் பெயரில் சோங் என்று ஆங்கிலத்தில் அடித்துத் தேடுங்கள். லிவர்பூல் முதலாளிகளின் கப்பல். தேடினால் வருவது ஒரு வரிதான், ஆனால் நீதிமன்ற வழக்கு ஆவணங்களை அதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1781 செப்டம்பரில் ஆப்பிரிக்கப் பக்கத்தை விட்டுக் கிளம்பும்போது அதில் 442 பேர், அந்தக் கப்பலுக்கு அது மிக அதிகம். வழியில் நோய் பரவியது, வழி தவறி ஜமைக்காவையும் தாண்டிப் போனது. தண்ணீர் போதாது என்று காரணம் சொல்லி நவம்பர் 29 முதல் ஆட்களை உயிரோடு கடலில் தள்ளினார்கள். முதலில் தள்ளப்பட்டவர்கள் 54 பெண்களும் குழந்தைகளும். மொத்தம் 130க்கும் மேல். நடுவில் மழையும் பெய்தது, ஜமைக்காவில் சேர்ந்தபோது கப்பலில் 420 காலன் தண்ணீர் மிச்சம் இருந்தது, உயிரோடு இருந்தவர்கள் 208 பேர்.

ஏன் தள்ளினார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு பீரியட் முழுக்கப் பிடித்தது. நோயில் செத்தால் இன்சூரன்ஸ் பணம் கிடையாது. கப்பலைக் காப்பாற்றச் சரக்கைக் கடலில் எறிந்தால் பணம் உண்டு. தலைக்கு 30 பவுண்ட் கேட்டு முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். ஜூரி அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது, 1783இல் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு மறு விசாரணைக்கு உத்தரவிட்டார். அவரே அந்த விசாரணையில், குதிரைகளைக் கடலில் எறிந்தது போலத்தான் இந்த வழக்கும் என்பதில் ஜூரிக்குச் சந்தேகமே இருக்கவில்லை என்று சொன்னார். கொலைக் குற்றம் என்று ஒருவர் மேலும் வழக்கு நடக்கவில்லை. இந்தச் செய்தியை, அடிமை முறையை எதிர்த்துப் போராடிய கிரான்வில் ஷார்ப்பிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது ஓலாடா எக்வியானோ, அடிமையாக விற்கப்பட்டு, பாடுபட்டுச் சேர்த்த காசில் தன்னையே விலைக்கு வாங்கி விடுதலையானவர். அவர் போயிராவிட்டால் சோங் இன்றைக்கு அட்டவணையில் ஒரு வரியாகக் கிடந்திருக்கும். மீதி 36,000 வரிகளுக்குள் என்னென்ன புதைந்திருக்கிறது என்று யோசிக்க வைப்பதுதான் இந்தத் தளத்தின் பலம்.

அடுத்து புரூக்ஸ். இதுவும் லிவர்பூல் கப்பல். 1788இல் அடிமை வணிகத்தை எதிர்த்தவர்கள் இந்தக் கப்பலின் உள்பக்கத்தை, ஆட்களை வரிசையாக அடுக்கி, ஒரு படமாக அச்சடித்துப் பரப்பினார்கள். பார்த்திருப்பீர்கள், பல புத்தகங்களில் வந்த படம். கப்பலில் ஏற்றும் ஆட்களுக்கு வரம்பு போட்ட அந்த வருடத்து பிரிட்டிஷ் சட்டப்படி இந்தக் கப்பலில் 454 பேரை ஏற்றலாம், அதற்கு முன் ஒரு பயணத்தில் 609 பேரை ஏற்றியிருந்தது. படத்தில் ஓர் ஆணுக்கு ஒதுக்கிய இடம் 6 அடி நீளம், 1 அடி 4 அங்குலம் அகலம். சிறுமிக்கு நான்கரை அடி நீளம், 1 அடி அகலம். அந்த அளவுகளைச் சாக்பீஸால் வகுப்புத் தரையில் போட்டுக் காட்டினேன். மேலே இன்னொரு பலகைத் தட்டு வரும், அதிலும் ஆட்கள் கிடப்பார்கள், நடுவில் சுமார் இரண்டரை அடிதான் உயரம் என்று ஸ்கேலைப் பிடித்துக் காட்டினேன். படுத்துப் பார்க்கலாமா சார் என்று சில பையன்கள் கேட்டார்கள், கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒருவர் பட்ட வேதனையை நாம் நடித்துப் பார்க்க வேண்டியதில்லை, கட்டத்தைப் பார்த்தாலே போதும். அந்தக் கட்டங்கள் சாயங்காலம் வரை அழியாமல் இருந்தன, அடுத்த பீரியடுக்கு வந்த கணக்கு வாத்தியாரும் அதை மிதிக்காமல் சுற்றிப் போனார்.

அந்தக் கட்டத்துக்குள் சராசரியாக இரண்டு மாதம். ஆண்களை இரண்டிரண்டு பேராகக் காலில் விலங்கு போட்டுப் பிணைத்திருந்தார்கள். சீதபேதி பரவினால் எழுந்து மலத்தொட்டிக்குப் போகவும் முடியாது. ஃபால்கன்பிரிட்ஜ் என்ற கப்பல் மருத்துவர் 1788இல் எழுதியதில், அந்தத் தளம் ரத்தமும் சளியுமாகக் கசாப்புக் கூடம் போலக் கிடந்தது என்கிறார், சொன்னவர் அந்தக் கப்பல்களிலேயே சம்பளத்துக்கு வேலை பார்த்து, பிறகு அந்த வணிகத்தை எதிர்த்தவர். சாப்பிட மறுத்தவர்களின் வாயைத் திருகாணிக் கருவி வைத்துப் பிளந்து ஊட்டினார்கள். கடலில் குதித்துவிடக் கூடாது என்று கப்பல் ஓரம் முழுக்க வலை கட்டினார்கள், செத்துப்போக விட்டால் நஷ்டம் என்பதால். பெண்களைத் தனியாக, விலங்கில்லாமல், மாலுமிகளின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருந்தார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏற்றப்பட்டவர்களில் ஏறக்குறைய கால்வாசி குழந்தைகள்.

எதிர்ப்பு என்று ஒரு பகுதி இருப்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை, கட்டாயம் கவனியுங்கள். கப்பலில் கலகம் நடந்த பயணங்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். பத்தில் ஒரு பயணத்திலாவது ஏதோ ஒரு வகையில் கலகம் நடந்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. கலகத்துக்குப் பயந்து கூடுதல் ஆட்களையும் துப்பாக்கிகளையும் வைக்க வேண்டியிருந்தது, செலவு ஏறியது, அந்தச் செலவு ஏறியதால் கப்பலேற்றப்படாமல் தப்பித்தவர்கள் பல லட்சம் இருக்கலாம் என்றும் ஒரு வாதம் உண்டு. செத்துத் தோற்றுப்போன ஒரு கலகம் யாரோ முகம் தெரியாத ஒருவரைக் கரையிலேயே காப்பாற்றியிருக்கிறது. எனக்கு இந்தத் தளத்தில் பிடித்த விஷயங்களில் இது முக்கியமானது, அடிமைப்பட்டவர்கள் சும்மா இருந்தார்கள் என்ற எண்ணத்தை இது உடைத்துப் போடுகிறது.

அப்புறம் பெயர்கள் பகுதி. 1807இல் பிரிட்டன் அடிமை வணிகத்துக்குத் தடை போட்டபின், பிடிபட்ட கப்பல்களில் இருந்தவர்களை ஃப்ரீடவுன், ஹவானா போன்ற இடங்களில் இறக்கி, அவர்களுடைய பெயர், வயது, உயரம், உடலில் உள்ள அடையாளம் எல்லாம் பதிவேட்டில் எழுதினார்கள். அப்படி எழுதப்பட்ட 91,000க்கு மேற்பட்டவர்களின் விவரம் இதில் இருக்கிறது. மேலே சொன்ன 1 கோடியே 25 லட்சத்தில் இது எந்த மூலைக்கு என்று தோன்றும், இருந்தாலும் இங்கேதான் எங்கள் வகுப்பு அதிக நேரம் நின்றது. ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஆப்பிரிக்கப் பெயர்கள், பக்கத்தில் ஏழு, எட்டு, பத்து என்று வயது, அடி அங்குலத்தில் உயரம். ஒரு மாணவி எழுந்து போய், எட்டு வயதுப் பையன் ஒருவனின் உயரத்தைச் சுவரில் அளந்து கோடு போட்டாள். என் தம்பி இவ்வளவுதான் சார் இருப்பான் என்றாள். இப்படி மீட்கப்பட்டவர்களும் நிம்மதியாக ஊர் திரும்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பலரைப் பயிற்சி வேலையாள் என்று பிறரிடம் ஒப்படைத்தார்கள், பட்டாளத்தில் சேர்த்தார்கள், மேற்கிந்தியத் தீவுகளுக்கே கப்பலேற்றினார்கள்.

சரி, குறைகள். முதல் குறை, இது கரையில் தொடங்கிக் கரையில் முடிகிறது. உள்நாட்டில் பிடிபட்டு, கழுத்தில் கவைக்கட்டையோடு நூற்றுக்கணக்கான மைல் நடந்து, எல்மினா, ஊய்டா, லுவாண்டா என்று கடற்கரை அடைப்புகளில் மாதக்கணக்கில் கிடந்து, கப்பலையே பார்க்காமல் செத்தவர்கள் 1 கோடியே 25 லட்சத்துக்குள் வர மாட்டார்கள். வகுப்பில் இதைச் சொல்லாமல் எஸ்டிமேட்ஸ் பக்கத்தைக் காட்டக் கூடாது.

இறங்கிய பிறகு என்ன ஆனது என்பதும் இதில் இல்லை. எனக்கு இதில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் கைகொடுத்தார்கள். பாலக்கோடு பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கரும்பாலையும் வெல்லம் காய்ச்சுவதும் கண்ணால் பார்த்த வேலை. வெட்டின கரும்பைத் தள்ளிப்போட்டால் சாறு கெட்டுப்போகும், உடனே ஆட்டியாக வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். அதே காரணத்துக்காகத்தான் ஜமைக்காவிலும் பார்படோஸிலும் அறுவடை மாதங்களில் ஆலை ராப்பகலாக ஓடியது, பகலில் கரும்பு வெட்டினவர்களே ராத்திரியில் ஆலைக்கும் கொப்பரைக்கும் நிற்க வேண்டும், தூக்கக் கலக்கத்தில் கை உருளைக்குள் போய்விட்டால் கையை வெட்டி ஆளை எடுக்க ஆலைப் பக்கத்திலேயே கோடாரி வைத்திருந்தார்கள். ஜமைக்காவில் மட்டும் ஏறக்குறைய 10 லட்சம் பேர் இறக்கப்பட்டார்கள், அதில் ஒரு பகுதியை வேறு இடங்களுக்கு விற்றுவிட்டார்கள், அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பிறந்த பிறகும், 1834இல் அங்கே அடிமைகளாக இருந்தவர்கள் சுமார் 3 லட்சத்து 11 ஆயிரம் பேர்தான். மீதிப் பேரில் பலர் கரும்புக்குப் பலியானார்கள். தளத்தில் ஜமைக்கா எண்ணைக் காட்டும்போது இதைப் பக்கத்தில் எழுதிப் போடுங்கள்.

இன்னொரு குறை எனக்கு மட்டும் தோன்றுவதாக இருக்கலாம். ஆட்களுக்கு விலையாக ஆப்பிரிக்காவுக்குப் போன சரக்கு பற்றித் தேடினால் இதில் கொஞ்சம்தான் கிடைக்கும். அந்தச் சரக்கில் துப்பாக்கியும் சாராயமும் இரும்பும் மட்டும் இல்லை, மாலத்தீவுச் சோழியும், நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன பருத்தித் துணியும் பெரிய பங்கு. 18ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் இந்தியத் துணிக்கு அப்படி ஒரு கிராக்கி. தறியில் உட்கார்ந்தவருக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை, ஆனால் நமக்குத் தெரிய வேண்டும். இந்த வணிகம் எங்கேயோ நடந்த வேற்றார் கதை இல்லை.

வருடத்தை வைத்தும் ஊரோடு சேர்க்கலாம். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தப்படி பாராமகால், அதாவது நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி, திப்புவிடமிருந்து கம்பெனி கைக்குப் போனது. அடுத்த மாதமே லண்டனில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபை அடிமை வணிகத்தைப் படிப்படியாக நிறுத்தலாம் என்று தீர்மானம் போட்டது, போட்டுவிட்டுப் பதினைந்து வருடம் இழுத்தது. தளத்தில் 1792 முதல் 1807 வரை என்று வைத்து, பிரிட்டிஷ் கொடியைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். பக்கம் பக்கமாக வரும். தாமதம் என்றால் என்ன என்று அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நம் ஆட்களும் கூலியாகக் கப்பலேறிப் போனார்களே சார், அதுவும் இதில் இருக்கிறதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்கள் போன்ற ஒப்பந்தக் கூலிகளின் கதை வேறு பதிவேடுகளில். அவர்கள் பட்டதும் கொடுமைதான், அடிமைமுறை ஒழிந்த பல தோட்டங்களில் அடிமைகளின் இடத்துக்குத்தான் நம்மவர்களைக் கொண்டுபோனார்கள். ஆனால் ஒப்பந்தத்துக்குக் காலக்கெடு இருந்தது, பிறக்கிற பிள்ளை முதலாளியின் சொத்து ஆகவில்லை. இரண்டையும் ஒன்று என்று நடத்தினால் இரண்டு பேருக்கும் அநியாயம்.

பயன்படுத்துகிறவர்களுக்குச் சில விவரம். தமிழ் கிடையாது. ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தால் சமாளிக்கலாம், தலைப்புகளை மட்டும் தமிழில் எழுதி ஒட்டிவைத்துக்கொண்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட தேடிவிடும். போனில் அட்டவணை குறுகலாகத் தெரியும், கம்ப்யூட்டர் நல்லது. பள்ளி ஹைடெக் லேபில் நெட் எப்போது இழுக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் வேண்டிய பக்கங்களை முதல் நாளே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். தரவை டவுன்லோடு செய்துகொள்ளும் வசதியும் இருக்கிறது. லோரோர் என்ற பிரெஞ்சுக் கப்பலின் உள்ளமைப்பை முப்பரிமாணத்தில் காட்டும் சின்ன வீடியோ இருக்கிறது, நன்றாகச் செய்திருக்கிறார்கள், ஆனால் அதைக் கடைசியில் காட்டுங்கள், முதலில் காட்டினால் பிள்ளைகள் கிராபிக்ஸைப் பார்த்துவிட்டு ஆட்களை விட்டுவிடுவார்கள். சில எண்கள் ஆவணத்தில் உள்ளவை, சில ஆய்வாளர்கள் கணித்துப் போட்டவை, தலைப்பைப் பார்த்து எது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்து லண்டன் யூசிஎல் பல்கலைக்கழகம் நடத்துகிற இன்னொரு இலவசத் தளத்தையும் பாருங்கள். 1833இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் வந்தபோது 2 கோடி பவுண்ட் இழப்பீடு கொடுத்தார்கள், அடிமைகளுக்கு அல்ல, முதலாளிகளுக்கு. யார் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று பெயர் பெயராக அதில் இருக்கிறது. அதற்காக வாங்கிய கடனின் கடைசிப் பாக்கியை பிரிட்டிஷ் அரசு அடைத்தது 2015இல்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை மார்க்கைக் குறைத்தது கரைக்கு முன்னும் கரைக்குப் பின்னும் இல்லாததற்கு. எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களுக்குக் காட்ட வேண்டாம், மேலே உள்ளவர்களுக்கும் பக்கத்தில் இருந்து காட்டுங்கள். ஒரு பீரியட்தான் கிடைக்கும் என்றால் மொத்தக் கணக்கை விட்டுவிட்டு நேராகப் பெயர்கள் பகுதிக்குப் போங்கள். இரண்டு பீரியட் கிடைத்தால் சோங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டம் முடியவில்லை என்று தலைமையாசிரியர் கேட்டால் காலனியாதிக்கம் பாடத்தில் கணக்குக் காட்டிக்கொள்ளலாம், அந்தப் பாடத்துக்குள் வருகிற விஷயம்தான்.